வீடு ஒருவருக்கு, நிலம் வேறொருவருக்கு: இங்கிலாந்தின் பார்க் ஹோம்களில் முதியோரின் அக்கம்பக்க வாழ்க்கை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்திலும் நாட்டுப்புறச் சாலைகளின் ஓரங்களிலும் "ரெசிடென்ஷியல் பார்க்" என்ற பெயர்ப்பலகையைக் காணும் ஒருவர், உள்ளே பூங்கா இருக்கும் என்று நினைத்துச் சென்றால் ஏமாந்துபோவார். அங்கே இருப்பவை சீரான இடைவெளி விட்டு நிற்கும், மாடி இல்லாத சிறிய வீடுகள். வீட்டைச் சுற்றிக் கையகல அளவில் ஒரு தோட்டம் இருக்கும். நுழைவாயிலில் வண்டிகள் மெதுவாகச் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கும். பல இடங்களில் அதற்குப் பக்கத்திலேயே, 50 வயதை எட்டாதவர்கள் இங்கே குடியேற இயலாது என்ற அறிவிப்பும் இருக்கும். இவ்வீடுகளுக்குப் பார்க் ஹோம் என்று பெயர். இங்கே "பார்க்" என்பது "கேரவன் பார்க்", அதாவது வண்டியால் இழுத்துச் செல்லக்கூடிய வீடுகளை நிறுத்தும் இடம், என்ற தொடரில் வரும் பார்க்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு இத்தகைய இடங்களுக்குக் குடிபெயர்வோரிடம் காரணம் கேட்டால், வீட்டின் விலைக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது பெரும்பாலும் அக்கம்பக்கத்தைப் பற்றித்தான். விற்பனை விளம்பரங்களும் அதையே முன்னிறுத்துகின்றன. ஆனால் அந்த அக்கம்பக்கம் எப்படி உண்டாகிறது, யார் அதை நடத்துகிறார்கள், எந்த இடத்தில் அது முறிகிறது என்பதை விளம்பரம் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் வீட்டையும் நிலத்தையும் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பார்க்கில் நிலவும் நட்பும் மனத்தாங்கலும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விசித்திரமான உறவிலிருந்தே பிறக்கின்றன.

சட்டத்தின் கண்ணில் இது ஒரு கேரவன்

பார்க் ஹோம் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. பெரும்பாலானவை இரண்டு பாதிகளாக லாரியில் கொண்டுவரப்பட்டு, பார்க்கில் தயாராக உள்ள தளத்தின்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. சமையலறை, படுக்கையறைகள், குளியலறை என்று எல்லாம் அமைந்திருந்தாலும் சட்டம் அதைக் கேரவன் என்றே அழைக்கிறது. 1968ஆம் ஆண்டின் சட்டமும் 2006இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் இந்த வகை வீடு 20 மீட்டர் நீளத்தையும், 6.8 மீட்டர் அகலத்தையும், உட்புறத்தில் 3.05 மீட்டர் உயரத்தையும் தாண்டக் கூடாது என்று வரையறுக்கின்றன. பத்தாண்டுகளாக ஓர் அங்குலம்கூட நகராத வீடு, நகரக்கூடியது என்ற ஒரே காரணத்தால் கேரவனாகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் ஏராளமானோர் கேரவன்களிலேயே குடும்பம் நடத்தத் தொடங்கியதுதான் இதற்கு வேர். அவர்களது நிலையை ஆராய்ந்த அரசு அறிக்கை 1959இல் வெளிவந்தது. மறு ஆண்டே, உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் இல்லாமல் எவரும் கேரவன் நிலம் நடத்தக் கூடாது என்ற சட்டம் வந்தது. இருந்தும் நிலத்தின் உரிமையாளர் நினைத்தால் குடியிருப்பவரை அப்புறப்படுத்த முடியும் என்ற அச்சம் நீடித்தது. 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம்தான், ஒழுங்காகக் கட்டணம் செலுத்தி உடன்பாட்டின்படி நடப்பவரைத் தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பை வலுவாக அளித்தது. இங்கே சொல்லப்படும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்சும் ஸ்காட்லாந்தும் தங்களுக்கென்று தனி ஏற்பாடுகள் வைத்துள்ளன.

ஆக, வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அது நிற்கும் துண்டு நிலம் பார்க் உரிமையாளருக்குச் சொந்தம். அந்தத் துண்டு நிலத்தைப் பிட்ச் என்பார்கள். அதற்கு மாதந்தோறும் பிட்ச் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும். 2023 முதல் அது நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி அமைகிறது. வீட்டை விற்றால் விலையில் 10 விழுக்காடு வரை பார்க் உரிமையாளருக்குத் தரகாகப் போய்ச் சேரும். பார்க்கின் சாலை, விளக்கு, பொது இடங்கள் ஆகியவற்றைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை.

பார்க் ஹோம் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுவோர் பெரும்பாலும் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. முதியோருக்கான குடியிருப்பு என்றதும் செவிலியர், சமையற்காரர், மாலை நேரத்தில் பாட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்யும் பணியாளர் என்று ஒரு முதியோர் இல்லத்தின் சித்திரம் மனத்தில் எழுகிறது. பார்க்கில் இவர்கள் யாரும் இல்லை. உரிமையாளர் தருவது நிலமும் சாலையும் மின்சாரம், தண்ணீர் போன்ற இணைப்புகளும் மட்டுமே. கூடிப் பேசவும் ஒருவரை ஒருவர் விசாரிக்கவும் எவருக்கும் சம்பளம் தரப்படுவதில்லை. பெரிய நிறுவனங்கள் நடத்தும் சில பார்க்குகளில் கூடமும் மேலாளரும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் செவ்வாய்க்கிழமை காலையில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பவர் யாரோ ஒரு குடியிருப்பாளர்தான். பார்க்கின் கூட்டு வாழ்வு விலைக்கு வாங்கும் வசதி அன்று, அங்கே இருப்பவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை என்பதைத்தான் இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மீட்டர் வேலி

வேலை என்றாலும் அதற்கு இடம் வாய்ப்பாக அமைய வேண்டும். அந்த வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

உரிமம் வழங்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழிகாட்டியாக அரசு 2008இல் வெளியிட்ட மாதிரித் தரங்களின்படி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே 6 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அது அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்பதே இதன் நோக்கம். அதே நோக்கத்துக்காக, அடுத்தடுத்த பிட்ச்களின் எல்லையில் வேலியோ செடிவரிசையோ வைக்க அனுமதி இருந்தால் அதன் உயரம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அந்தத் தரங்கள் சொல்கின்றன. வழக்கமான ஆங்கிலப் புறநகர் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ஆள் உயரத்துக்குப் பலகை வேலி நிற்கும். அண்டை வீட்டுக்காரர் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் அவர் முகம் நினைவில் தங்காமல் போகலாம். பார்க்கில் வேலி இடுப்பளவுதான். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் நிமிர்ந்தால் எதிரே இன்னொருவர் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். பார்க்காதது போல இருக்க முடியாது. பார்த்தபின் ஒரு சொல்லாவது பேசாமலும் இருக்க முடியாது.

தீக்குப் பயந்து எழுதப்பட்ட விதி பேச்சுக்கு வழி திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பார்க்கின் உட்சாலைகளும் இதற்குத் துணை செய்கின்றன: வண்டிகள் ஊர்ந்து செல்வதாலும், ஊடே கடந்துசெல்லும் போக்குவரத்து இல்லாததாலும், நடப்பவர்கள் சாலையின் நடுவிலேயே நின்று பேசுகிறார்கள். நாய் வளர்ப்பவர்கள் தினமும் இரண்டு முறை அதே சுற்றில் நடப்பதால், புதிதாக வந்தவர்களை முதலில் அறிந்துகொள்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. நாய் வளர்க்கத் தடை விதிக்கும் பார்க்குகளும் உண்டு. அமைதியை விரும்பி அத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், அறிமுகத்துக்கான ஒரு எளிய வழியையும் சேர்த்தே இழக்கிறார்கள் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இதே இடைவெளியும் தாழ்ந்த வேலியும் சச்சரவுக்கும் காரணமாகின்றன. அடுத்தவர் தோட்டத்தில் புதிதாக முளைத்த மரக்கொட்டகை தீ இடைவெளிக்குள் வருகிறதா, அவரது காற்றுமணி இரவெல்லாம் ஒலிக்கலாமா, எத்தனை கார்களை நிறுத்தலாம் என்பவை பார்க்குகளில் ஓயாமல் எழும் கேள்விகள். மறைவில்லாத இடத்தில் மறைவு வேண்டுபவர் திரைச்சீலையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. யார் வீட்டுக்கு மருத்துவ வண்டி வந்தது, யார் மகன் எத்தனை மாதமாக எட்டிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் காலை பத்து மணியாகியும் ஒரு வீட்டின் திரைச்சீலை விலகவில்லை என்பதைக் கவனித்துக் கதவைத் தட்டுவதும் இதே ஊர்தான்.

50 வயது என்ற கோடு

வயது வரம்பு எல்லாப் பார்க்குகளிலும் இருப்பதில்லை. இருக்கும் இடங்களில் 50 என்பது பரவலானது, 45 அல்லது 55 என்று வைத்திருப்பவையும் உண்டு. வயதைக் காட்டி ஒருவரை விலக்குவது பாகுபாடு அல்லவா என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதிவிலக்குகள் பார்க் ஹோம்களுக்கு இந்த வரம்பை அனுமதிக்கின்றன.

வரம்பின் நேரடி விளைவு, பகலில் பார்க்கில் ஆள் இருப்பது. வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் வெறிச்சோடிக் கிடக்கும் தெருவைப் போலன்றி, இங்கே வார நாளின் முற்பகல்தான் ஆள் நடமாட்டம் மிகுந்த நேரம். இதற்கு விலையும் உண்டு. பேரக்குழந்தைகள் வந்து தங்கலாம், ஆனால் எத்தனை நாள் என்று பல பார்க்குகளின் விதிகள் கணக்கு வைத்திருக்கும். மணமுறிவுக்குப் பின் சிறு குழந்தையோடு தாய் வீட்டுக்குத் திரும்ப நினைக்கும் மகளுக்கு இங்கே இடம் கிடைப்பது அரிது. குழந்தைகளின் சத்தம் இல்லை என்று மகிழ்ந்து குடிவந்தவர்களே சில ஆண்டுகள் கழித்து அந்த அமைதியைப் பற்றி வேறு மாதிரியாகப் பேசுவதும் இயல்பே.

50 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று ஒரே சொல்லில் அடக்கும்போது நாம் மறந்துவிடுவது, 52 வயதுக்காரருக்கும் 87 வயதுக்காரருக்கும் இடையே முழுத் தலைமுறை ஒன்று இருக்கிறது என்பதை. முன்னவர் இன்னும் வேலைக்குப் போகிறார், வார இறுதியில் வினாடி வினாப் போட்டியும் இசையும் வேண்டும் என்கிறார். பின்னவருக்கு இருட்டியபின் வெளியே வர விருப்பமில்லை. காது மங்கியதால் ஐம்பது பேர் பேசும் கூடத்தில் அவருக்கு எதுவும் விளங்குவதில்லை. நான்கு பேர் அமர்ந்து சீட்டாடும் மேசைதான் அவருக்குரிய கூட்டம். ஒரே நிகழ்ச்சி நிரலில் இருவரையும் நிறைவு செய்ய முயலும் குழுக்கள் இரண்டு பக்கத்தின் குறைகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. இது யாருடைய தவறும் அன்று. வயது வரம்பு ஒரு கீழ்க்கோட்டை மட்டுமே போடுகிறது; அதற்கு மேலே உள்ள வானம் மிகப் பெரியது.

காபி காலைகளும் கூடத்தின் சாவியும்

பார்க்கின் பொது நிகழ்ச்சிகளில் மிகப் பரவலானது "காபி மார்னிங்" எனப்படும் முற்பகல் கூடுகை. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், காபியும் பிஸ்கட்டும் வீட்டில் செய்த கேக்கும், ஒரு தட்டில் சில்லறைக் காசு. சிறப்பாக எதுவும் நடக்காது என்பதே இதன் சிறப்பு. விளையாட்டில் வெல்லத் தேவையில்லை, பாடத் தெரிய வேண்டியதில்லை, துணையோடு வர வேண்டியதில்லை. பிங்கோ, வினாடி வினா, அம்பெறியும் டார்ட்ஸ், பின்னல் வேலைக் குழு, தோட்டப் போட்டி, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் மதிய விருந்து, டிசம்பரில் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஆகியவை பார்க்குக்குப் பார்க் மாறும். 2022 ஜூனில் அரசியின் பிளாட்டினம் விழாவும் 2023 மே மாதத்தில் மன்னரின் முடிசூட்டு விழாவும் நாடெங்கும் தெரு விருந்துகளுக்கு வாய்ப்பளித்தன. உட்சாலையை மூடி மேசை போட, வண்டி நெரிசல் இல்லாத பார்க்குகள் இயல்பாகவே பொருத்தமானவை.

நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டிய சில நடைமுறைகள் உள்ளன. உரிமம் இல்லாத கூடத்தில் மது விற்பதானால் உள்ளாட்சி மன்றத்துக்கு "தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு" ஒன்றைக் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன்பே தர வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, ஒரே நேரத்தில் கூடுவோர் 499 பேரைத் தாண்டக் கூடாது. நுழைவுச் சீட்டின் விலைக்குள் ஒரு கோப்பை ஒயினையும் சேர்த்தால் அதுவும் விற்பனையே. ஒவ்வொருவரும் தம் பாட்டிலைத் தாமே கொண்டுவந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆகவே பெரும்பாலான குழுக்கள் அந்த வழியைத் தேர்வதில் வியப்பில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே விற்று, தனியார் லாபம் இல்லாமல் நடத்தும் பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கு உரிமம் தேவையில்லை. கூடத்தின் புதிய நாற்காலிகள் பெரும்பாலும் இந்தக் குலுக்கலின் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன.

கூடம் என்று சொல்லிவிட்டேன். பல பார்க்குகளில் கூடமே கிடையாது. இருபது முப்பது வீடுகள் கொண்ட சிறு பார்க்கில் யாரேனும் ஒருவரின் வரவேற்பறையோ, அருகிலுள்ள கிராமத்துப் பப்போ, தேவாலயக் கூடமோதான் கூடுமிடம். கூடம் இருக்கும் இடத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. சாவி உரிமையாளரின் அலுவலகத்தில் இருந்தால், அலுவலகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கூடமும் இல்லாதது போலத்தான். தனியாக வாழ்பவருக்கோ நீளமான நாள் அதுவே.

கூடத்தை உரிமையாளர் மூடிவிட்டால் என்ன செய்வது? பொது வசதி குறைந்துபோனது பிட்ச் கட்டண மறுஆய்வில் கணக்கில் கொள்ளப்பட வேண்டிய ஒன்று என்று சட்டம் சொல்கிறது. இணக்கம் ஏற்படாவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இதன் மறுபக்கமும் உண்டு. உரிமையாளர் புதிய கூடம் கட்ட முன்வந்து முறைப்படி குடியிருப்போரைக் கலந்தாலோசித்து, பெரும்பான்மையினர் எழுத்துமூலம் மறுக்காவிட்டால், அந்தச் செலவும் கட்டண மறுஆய்வில் இடம்பெறலாம். அப்போது கூடத்துக்கு ஒருநாளும் போகாதவர் அதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

சங்கம் வேறு, கொண்டாட்டக் குழு வேறு

புதிதாக வருபவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொரு இடம் இது. காபி மார்னிங் நடத்தும் குழு ஒன்று. உரிமையாளரோடு கட்டணம், சாலைப் பழுது, வடிகால் பற்றிப் பேசும் குடியிருப்போர் சங்கம் மற்றொன்று. சில பார்க்குகளில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

சங்கத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் "தகுதிபெற்ற குடியிருப்போர் சங்கம்" என்ற ஒன்றை வரையறுக்கின்றன. பார்க்கில் உள்ள வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 50 விழுக்காட்டினர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்றே கணக்கிடப்படும். பார்க் உரிமையாளரும் அவருடைய பணியாளர்களும் உறுப்பினராக முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இந்தத் தகுதி கிடைத்துவிட்டால், பார்க்கின் நிர்வாகத்திலும் மேம்பாட்டிலும் குடியிருப்போரைப் பாதிக்கக்கூடியவற்றைப் பற்றி உரிமையாளர் சங்கத்தைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டவர். வயது வரம்பு, வளர்ப்புப் பிராணிகள், நிறுத்துமிடம் முதலியவற்றைப் பற்றிய பார்க் விதிகளைப் புதிதாக இயற்றவோ மாற்றவோ 2014 முதல் குடியிருப்போரைக் கலந்தாலோசிப்பதும், அவ்விதிகளை உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்வதும் கட்டாயம்.

இரண்டு குழுக்களும் தனித்தனியாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கட்டண வழக்கில் உரிமையாளரோடு சமரசம் செய்துகொள்ள வேண்டும் என்பவரும் தீர்ப்பாயத்துக்கே போக வேண்டும் என்பவரும் ஒரே பார்க்கில் இருப்பார்கள். சங்கக் கூட்டத்தில் குரல் உயரத்தான் செய்யும். அதே நபர்கள்தான் கேக்கையும் பங்கிடுகிறார்கள் என்றால், சங்கத்தில் தோற்றவர் காபிக்கும் வராமல் நின்றுவிடுவார். நகரத் தெருவில் ஒருவரோடு பேச்சு நின்றால் வேறு ஆட்களும் வேறு கடைகளும் உண்டு. எண்பது வீடுகள் மட்டுமே உள்ள பார்க்கில், பேச்சு நின்ற ஒருவரைக் குப்பைத் தொட்டி அருகே தினமும் பார்த்தாக வேண்டும்.

இணையாக வந்தவர் தனியாகும்போது

பார்க்குக்குப் பலர் கணவன் மனைவியாக வருகிறார்கள். பெரிய வீட்டை விற்று, இதை வாங்கி, மிஞ்சிய தொகையில் ஓய்வுக்காலத்தை ஓட்டுவது அவர்களது திட்டம். முதல் சில ஆண்டுகள் அவர்களுக்குக் கூட்டம் தேவைப்படுவதில்லை; கார் இருக்கிறது, பயணம் இருக்கிறது, ஒருவருக்கொருவர் துணை இருக்கிறது. பிறகு ஒருவர் இறந்துபோகிறார், அல்லது கார் ஓட்டுவதை நிறுத்துகிறார். அதுவரை காபிக்குப் போகாதவர் அன்றைக்கு முதன்முறையாகக் கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே நுழைவது எவ்வளவு கடினம் என்பதை, இருபது ஆண்டுகளாக அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் உணர்வதில்லை. கதவருகே நின்று வரவேற்க ஒருவரை நியமிக்கும் எளிய வழக்கம் உள்ள இடங்களில் இந்தத் தயக்கம் வெகுவாகக் குறைகிறது. ஆண்களுக்கு இது இன்னும் கடினம். வெறுமனே உட்கார்ந்து பேசுவதற்கென்று வர அவர்கள் கூச்சப்படுகிறார்கள். உடைந்த பெஞ்சைச் சரிசெய்ய வாருங்கள் என்று அழைத்தால் வருகிறார்கள், வந்தபின் பேசுகிறார்கள்.

சட்டம் இங்கே ஒரு நிம்மதியைத் தருகிறது: கூடவே வாழ்ந்த கணவனோ மனைவியோ இறந்தால், எஞ்சியவருக்குப் பிட்ச் உடன்பாடு சென்றுசேரும், அவர் வெளியேற வேண்டியதில்லை. ஆனால் அவரும் மறைந்து, வீட்டில் உடன் வாழ்ந்த குடும்பத்தார் எவரும் இல்லாவிட்டால், வாரிசுகளுக்கு அதை விற்கும் உரிமை கிடைக்குமே தவிர, அங்கே குடியேறும் உரிமை தானாகக் கிடைக்காது. விற்பனை முடியும்வரை கட்டணமும் தொடரும். அந்த மாதங்களில் விளக்கெரியாத ஒரு வீடு வரிசையில் நிற்கும். பார்க்கில் வாழ்பவர்கள் இழவுக்குப் பழகியவர்கள். இறுதிச் சடங்குக்கு யார் யார் ஒரே காரில் போவது என்று பேசி முடிவெடுக்கும் வேகத்திலேயே அது தெரியும்.

பார்க்கின் நட்புக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து வாங்கித் தருவார்கள், பால் கொண்டுவந்து வைப்பார்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள். தினமும் குளிப்பாட்டவும் இரவில் எழுந்து கவனிக்கவும் அவர்களால் முடியாது, ஏனெனில் உதவுபவரும் எண்பதை நெருங்குபவர். மறதி நோய் முற்றியவரை அண்டை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று தொலைவிலுள்ள பிள்ளைகள் நம்பியிருப்பது அண்டை வீட்டாரின் தலையில் சுமையேற்றுவதாகும். அந்த நிலையில் உள்ளாட்சி மன்றத்தின் சமூகப் பராமரிப்புத் துறையை அணுகி, தேவையை மதிப்பிடச் சொல்வதே முறை.

வேலிக்கு வெளியே

பல பார்க்குகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. நிலம் மலிவாகக் கிடைத்த இடம் அது என்பதால், பேருந்து அரிதாக வரும் இடமாகவும் இருக்கும். அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு இங்கிலாந்தில் உள்ளூர்ப் பேருந்தில் இலவச அட்டை உண்டு. ஆனால் நாடு தழுவிய ஏற்பாட்டின்படி வார நாட்களில் அது காலை 9.30 மணியிலிருந்துதான் செல்லும். நாளுக்கு நான்கு பேருந்துகள் மட்டுமே வரும் ஊரில், முதல் வண்டி 9.20க்குப் புறப்பட்டால் அட்டையால் என்ன பயன் என்று கேட்பது வேடிக்கைக்காக அன்று.

போக்குவரத்து இருந்தால் வெளி உலகின் அமைப்புகள் பார்க்கின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. பிரிட்டனில் 1982இல் தொடங்கிய "மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்" என்ற இயக்கம், முழுநேர வேலையிலிருந்து விலகியவர்கள் தேர்வோ பட்டமோ இல்லாமல் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் குழுக்களை நடத்துகிறது. பிரெஞ்சு மொழி, பறவை நோக்கல், உள்ளூர் வரலாறு என்று எதுவாகவும் இருக்கலாம். பார்க்குக்கு வெளியே ஒரு நட்பு வட்டம் உள்ளவருக்குப் பார்க்குக்குள் ஏற்படும் மனத்தாங்கல் பெரிதாகத் தோன்றுவதில்லை. அதனால்தான், எல்லாம் உள்ளேயே கிடைக்கும் என்று சொல்லும் பார்க்கை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் பார்ப்பேன்.

வீடு வாங்க எண்ணுபவர் முதலில் அது ஆண்டு முழுவதும் வாழ உரிமம் பெற்ற நிலமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விடுமுறைப் பார்க்குகள் பார்வைக்கு இதே போல இருந்தாலும் அவற்றில் நிரந்தரமாக வாழ முடியாது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் அங்கே இல்லை. குளிர்காலத்தில் கதவடைக்கும் இடத்தில் அண்டை வீட்டார் என்று எவரும் இருக்கப்போவதுமில்லை. பார்க் விதிகளை உள்ளாட்சி மன்றத்தின் பதிவேட்டில் முன்கூட்டியே படித்துவிடலாம். நேரில் பார்க்கப் போவதானால், விற்பனையாளர் அழைக்கும் கோடை ஞாயிற்றுக்கிழமையில் போகாமல், நவம்பர் மாதத்தின் ஒரு புதன்கிழமை முற்பகலில், மழை தூறும்போது போக வேண்டும். அன்று எத்தனை பேர் வெளியே தென்படுகிறார்கள் என்று பார்க்கலாம். பிறகு அறிவிப்புப் பலகையின் முன் சில நிமிடங்கள் நிற்கலாம். சென்ற ஆண்டின் தேதிகள் இன்னும் அங்கேயே தொங்குகின்றனவா என்பதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கையெழுத்தை. பிங்கோ, காபி, தோட்டப் போட்டி, விருந்து என்று எல்லா அறிவிப்புகளும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பார்க்கின் கூட்டு வாழ்வு முழுவதையும் ஒரே ஒருவர் தூக்கிச் சுமக்கிறார் என்று பொருள். அவருக்கு என்ன வயது என்று விசாரித்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.